கோரிக்கை மனு: பணியில் நேரும் மனக்காயத்திற்குச் சிறப்பு இயலாமை விடுப்பு

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை உயர் அலுவலர்கள்

பார்வை: இதே பொருள் குறித்த எங்கள் முந்தைய மனுக்கள்

ஐயா / அம்மையீர்,

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிவோரின் சங்கம் எங்களுடையது.

பார்வையில் கண்ட மனுக்களுக்கெல்லாம் கிடைத்த பதில், ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரிதான். அவை எந்த மேசையில் நின்றன என்று தெரியாததால், எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம்.

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூர் நாட்டுவெடி ஆலை விபத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். அது செய்தியானது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளும் எங்களிடம் அனுப்பிவைப்பவை செய்தியாவதில்லை. கருகிய உடலை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கியவரும், குழந்தை இறந்ததைத் தாயிடம் சொன்னவரும் மறுநாள் அதே பணிக்கு வருகிறார்கள். பிறகு உறக்கம் போகிறது. கண்ட காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. சைரன் கேட்டால் கை நடுங்குகிறது. ஒரு மாதத்திற்கு மேலும் இப்படியே நீடித்தால் மனநல மருத்துவர்கள் அதைப் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்கிறார்கள். அலுவலகமோ ‘சொந்தப் பிரச்சினை’ என்று சொல்லி, ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது.

அடிப்படை விதிகளில் 83-ஏ விதியை எடுத்துப் படிக்குமாறு மீண்டும் வேண்டுகிறோம். பணியின்போது தற்செயலாக நேர்ந்த காயத்திற்கு மட்டுமன்று, வழக்கத்தைவிட அதிக ஆபத்துள்ள குறிப்பிட்ட பணியால் வந்த நோய்க்கும் சிறப்பு இயலாமை விடுப்பு வழங்க அவ்விதி வழி செய்கிறது. நோய் உடலில்தான் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மூன்று மாதத்திற்குள் வெளிப்பட வேண்டுமே என்பீர்கள். காரணம் குறித்து அரசு நிறைவடைந்தால் அதற்குப் பின் வெளிப்பட்டாலும் விடுப்பு தரலாம் என்று, 83-ஏ விதிக்கு அடிப்படையான 83-ஆம் விதியே சொல்கிறது. இந்நோய் தாமதமாகத் தலைகாட்டுவதும் மருத்துவம் அறிந்ததே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சிகிச்சையில் மனநோயாளரை உடல்நோயாளருக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. சிகிச்சையில் சமம் என்றால் விடுப்பில் மட்டும் வேறுபாடு ஏன்?

முடிவெடுக்கும் அதிகாரம் அரசுடையது என்பதை அறிவோம். நாங்கள் கேட்பது, மனநல மருத்துவரின் சான்றுடன் வரும் விண்ணப்பத்தைக் கீழேயே மடக்காமல் பரிந்துரையுடன் மேலே அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கை. ஒப்பந்தச் செவிலியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் இந்த விதி பொருந்தாது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். உடலை இறக்கும்போது யார் நிரந்தரம் என்று எவரும் கேட்பதில்லை. அவர்களுக்கு ஊதியப் பிடித்தமில்லா விடுப்புக்குத் தனி ஆணை வேண்டும்.

மேலும்,

1. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அவசரப் பிரிவுப் பணியாளர்களை மாதம் ஒருமுறை சந்தித்தல் வேண்டும்.
2. டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐப் பணியறையில் ஒட்டுதல் வேண்டும்.
3. இரவுப் பணியாளர் ஓய்வறைக்குக் கதவும் மின்விசிறியும் அமைத்தல் வேண்டும்.

மூன்றாவதைச் செய்துவிட்டு மனு முடிந்ததாகக் கோப்பை மூட வேண்டாம். விடுப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்