உசிக்குடன் மறுபோட்டி: டைசன் பியூரியின் புகழைத் தீர்மானித்த களம்

ரியாத்தில் 2024 டிசம்பர் 21-ஆம் தேதி நடைபெற்ற ஹெவிவெயிட் குத்துச்சண்டை மறுபோட்டியில், உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கை பிரிட்டனின் டைசன் பியூரி மீண்டும் எதிர்கொண்டார். 2024 மே மாதம் நடுவர்களின் 2-1 தீர்ப்பில் உசிக்கிடம் அடைந்ததே தொழில்முறைக் குத்துச்சண்டையில் பியூரியின் முதல் தோல்வி.

அப்போட்டிக்குப் பின் தம்வசம் இருந்த நான்கு உலகப் பட்டங்களில் ஐபிஎஃப் பட்டத்தை உசிக் துறந்துவிட்டார். எனவே, மறுபோட்டியில் பியூரி வென்றிருந்தாலும் நான்கு பட்டங்களையும் ஒருசேர வென்ற பெருமை கிட்டியிருக்காது. மீட்கக்கூடியதாக இருந்தது அவரது பெயர் மட்டுமே.

2018-இல் டியான்டே வைல்டருடன் டிரா செய்த பியூரி, 2020 மறுபோட்டியில் ஏழாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். 36 வயதில் அதைப்போல் மீண்டெழுந்திருந்தால், மே மாதத் தோல்வி வெறும் சறுக்கலாகியிருக்கும். தோற்றால், 2015-இல் விளாதிமிர் கிளிட்ச்கோவை வென்ற பெருமை நிலைக்கும்; ஆனால் அக்காலகட்டம் உசிக்கின் பெயராலேயே அறியப்படும் என்ற நிலை அப்போது இருந்தது.