கோடை இடியும் ஆலங்கட்டியும்

சித்திரை பிறந்துவிட்டால் நாஞ்சில் நாட்டு ஜனங்களுக்குப் பிற்பகலில் ஒரு வேலை தவறாது. வடக்கே தாடகை மலையைப் பார்ப்பதுதான் அது. காலையில் நிர்மலமாயிருந்த ஆகாயத்தில், உச்சிவேளை கடந்ததும் பஞ்சுப் பொதிபோல் ஒரு மேகம் தலைகாட்டும். மூன்று மணிக்குள் அது கறுத்து மலையை மூடிக்கொள்ளும். பிறகு இலை அசையாத புழுக்கம். "இன்று கொட்டித் தீர்க்கும்" என்பார் ஒருவர். "வெறும் உறுமல்தான்" என்பார் மற்றொருவர். இருவர் வாக்கும் ஒரே நாளில் பலிப்பதுண்டு. பூதப்பாண்டியில் ஓடை பெருகும் மாலையில் கன்னியாகுமரியில் புழுதி பறக்கும்.

இதற்குக் காரணம் மலையும் கடலுமே. வெயிலில் நிலம் காய்ந்ததும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்ளே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. ஏறிய ஆவி குளிர்ந்து துளியாகும்போது உஷ்ணத்தை வெளிவிடுகிறது. அந்த உஷ்ணமே மேகத்தை இன்னும் உயரத் தள்ளுகிறது. அவ்விதம் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் வளரும் முகிலின் உச்சியில் பனித்துகள்கள் மோதி மின்சாரம் பிரிகிறது. மின்னலின் பிறப்பு அதுவே. ஆனால் முகிலின் அகலம் சில மைல்களே. ஆகையால்தான் ஒரு கிராமம் நனையும்போது அடுத்த கிராமம் காய்கிறது.

"ஆலங்கட்டி மழை பெய்ததாமே, உண்மையா?" என்று மாணவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறார்கள். முகிலுக்குள்ளே பனிக்கட்டி உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் நம் நாட்டு ஆகாயத்தில் நீர் உறையும் குளிர் சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து விழும் சிறு கட்டிகள் வழியிலேயே உருகி, முதுகில் அறைகின்ற குளிர்ந்த பெருந்துளிகளாய் வந்து சேருகின்றன. மிக வலிய முகிலில் வளர்ந்த பெரிய கட்டிகளே தரையைத் தொடும். ஆதலால் சமவெளியில் ஆலங்கட்டி அபூர்வம். மலையில் சற்று அதிகம் எதிர்பார்க்கலாம்.

மழை வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான் என்று எண்ணுவது தவறு. எங்கள் ஊரில் ஏத்தன் வாழை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற கோடையில் என்னிடம் சொன்னார்: "வாத்தியாரே, இந்த மழை வயலுக்குக் கொணம், வாழைக்கு எமன்." அவர் சொன்னது முற்றும் உண்மை. கன்னிப்பூவுக்கு உழவு தொடங்க இந்த ஈரம் வேண்டும். ஆனால் மழைக்கு முன்னால் முகிலிலிருந்து இறங்கி வரும் குளிர்ந்த சூறை, குலை தள்ளிய வாழையைக் கால் நாழிகைக்குள் சாய்த்துவிடுகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நிற்கிறது. உப்பளத்தில் விளைந்த உப்பு கரைகிறது. ஓணம் சந்தைக்கென்று கடன் வாங்கி வாழை வைத்தவருக்கு ஒரு மாலைக் காற்று ஒரு வருஷத்து உழைப்பு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் உயிர். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். விடுமுறையில் பந்தாடும் பிள்ளைகள் தூறல் விழுந்ததும் புளியமரத்தடியில் ஒதுங்குவதைப் பலமுறை கண்டு அதட்டியிருக்கிறேன். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தைவிட ஆபத்தான இடம் வேறில்லை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் உடனே வீட்டுக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் வெளியே வரலாகாது. குளம், வயல், மொட்டை மாடி மூன்றும் அவ்வேளையில் விலக்கு.

மழையை அளந்தறியும் வழக்கம் இப்பக்கத்துக்குப் புதிதன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடிருந்த காலத்தில், 1837-ல் திருவனந்தபுரத்தில் வானிலையம் எழுந்தது. 1855-ல் ப்ரௌன் என்னும் விஞ்ஞானி அகஸ்திய மலையுச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்றோ ராடார் முகிலைப் பார்த்து, சில மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை தருகிறது. பூனா ஆராய்ச்சி நிலையத்தின் 'தாமினி' செயலி கைப்பேசியிலேயே மின்னலைத் தெரிவிக்கிறது. எச்சரிக்கை கையிலிருந்தும் மரத்தடியில் நிற்பது அறியாமையன்று, அசட்டை.

இனி வரப்போவது என்ன? வைகாசி முடியும்வரை, காலையில் தெளிந்த வானமும் பிற்பகலில் புழுக்கமும் சேர்ந்த நாளெல்லாம் இடிக்கு இடமுள்ள நாளே. வாழைக்கு இன்றே முட்டுக் கொடுங்கள். ஜூன் முதல் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் உறுமல் குறைந்து சாரல் நிலைக்கும். 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையை நிரப்பும் மழைகளில் முதன்மையானது அதுதான். கோடை இடி அதற்குக் கட்டியம் கூறுகிறது. வயலை உழுது வைப்பதும், பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதும் நம் பொறுப்பு.