சீட் ஓகே... காசு எப்போ? ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கும் முதல் உதவித்தொகைக்கும் நடுவே 140 நாள்!

தொகை ரூ.17,500. கெடு 2024 ஜூன் 24, மாலை 5 மணி.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில், தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐஐடி தன்பாத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் தலித் குடும்பம். சீட்டை உறுதிசெய்யக் கொடுக்கப்பட்ட அவகாசம் நான்கே நாள். ஊருக்குள் அங்கே இங்கே கேட்டுப் பணத்தைப் புரட்டி, ஆவணங்களை அப்லோட் செய்து, பணம் கட்டப் போவதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. சீட் போச்சு.

அதன்பிறகு அந்த மாணவர் ஏறாத படி இல்லை. ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம் போனார். அந்த ஆண்டு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால், சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி, அதே பேட்ச்சில் அவருக்கு இடம் கொடுக்கச் சொன்னது. ரூ.17,500-க்காக 98 நாள், மூன்று மாநிலங்கள், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்!

இந்த வழக்கு பேசப்பட்டபோது எல்லோரும் பாராட்டியது தீர்ப்பை. பெரிதாகக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. ஐஐடியில் படிக்க ஏழை மாணவர்களுக்கு எத்தனையோ உதவிகள் இருக்கின்றன. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. பிறகு எப்படி ஒரு மாணவர் வாசலிலேயே தடுக்கி விழுந்தார்? ஏனென்றால், அந்த உதவிகள் எல்லாம் வாசலுக்கு உள்ளே இருந்தன. அவர் நின்றது வெளியே.

தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிய அளவில் வேறு இல்லை என்பதுதான் விஷயம்.

திட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதில் தமிழ்நாடு செய்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு, ஒற்றைச் சாளர கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், 2010-ல் இருந்தே கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் ரத்தாகி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேருகிறவர்களுக்கு ஹாஸ்டல் செலவு உட்பட அரசே ஏற்கிறது.

பட்டியல் நன்றாகவே இருக்கிறது. ஆனால், காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2025-ல் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது மே 8. அந்த ஆண்டு புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த 2.65 லட்சம் பேருக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகையை முதல்வர் தொடங்கிவைத்தது செப்டம்பர் 25. நடுவில் 140 நாள். இந்த 140 நாளுக்குள்தான் விண்ணப்பம், சான்றிதழ், கவுன்சலிங், அட்மிஷன், ஹாஸ்டல், முதல் செமஸ்டரின் முதல் பாதி எல்லாமே முடிந்துவிடுகிறது. அதாவது, ஒரு குடும்பத்துக்கு மிக அதிகமாகச் செலவாகும் காலம் முழுவதும் முடிந்த பிறகு முதல் ரூ.1,000 வருகிறது.

சில்லறை இல்லை, செலவு

"அரசுக் கல்லூரிதானே, ஃபீஸே இல்லையே, அப்புறம் என்ன செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சம்பளம் வாங்கும் அப்பா அல்லது அம்மா இருக்கும் வீட்டில் இருந்து வரும் கேள்வி அது.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பதிவுக் கட்டணம் ரூ.500, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ரூ.250. சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று ஒவ்வொரு சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் ரூ.60. இது சின்னத் தொகைதான். ஆனால், விண்ணப்பம் திரும்பி வந்தால் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விஏஓ ஆபீஸ் வாசலில் அம்மா நிற்க வேண்டும். அந்தக் கூலி எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

சீட் வந்த பிறகுதான் நிஜமான செலவு. ஹாஸ்டலுக்கு முன்பணம், மெஸ் அட்வான்ஸ், ஒரு பெட்டி, ஒரு பாய், இரண்டு செட் டிரெஸ், லேபுக்குக் கோட், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பதற்காகவாவது ஓடுகிற ஒரு போன். பஸ் பாஸ் கைக்கு வரும் வரை தினமும் டிக்கெட். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் இருக்கிறது. பையன்களுக்கு அதுவும் இல்லை. இதில் ஒன்றுகூட 'கல்விக் கட்டணம்' என்ற தலைப்பில் வராது. அதனால், கட்டணத்தை ரத்துசெய்யும் எந்தத் திட்டமும் இதைத் தொடாது.

இந்தப் பணம் எங்கே இருந்து வருகிறது? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான்: அடகுக் கடை. அம்மாவின் தோடு, இல்லை என்றால் மகளிர் குழுக் கடன். இரண்டும் கைகொடுக்காத வீட்டில் பையன் மே மாதமே வேலைக்குப் போகிறான். திருப்பூர் பனியன் கம்பெனி, கல்யாண மண்டபத்தில் கேட்டரிங், டெலிவரி. "காலேஜ் திறக்கிற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் எல்லோரும் திரும்பி வருவது இல்லை. வாரக் கடைசியில் கையில் வரும் சம்பளத்துக்கு முன்னால், செப்டம்பரில் வரப்போகும் ரூ.1,000 எப்படி ஜெயிக்கும்?

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. ப்ளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடித்து முகாம் நடத்தும் 'உயர்வுக்குப் படி' நிகழ்ச்சியே அதற்கு அடையாளம். நல்ல முயற்சி, சந்தேகமே இல்லை. ஆனால், வழியில் நழுவிய பிள்ளையைத் தேடிப் போவதைவிட, நழுவாமல் பார்த்துக்கொள்வது செலவும் குறைவு, வேலையும் குறைவு.

கடன் இருக்கிறதே?

இருக்கிறது. ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே கல்விக்கடன் என்பது விதி. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த 'பிஎம் வித்யாலட்சுமி' திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளில் சேருகிறவர்களுக்கு உத்தரவாதம்கூடக் கேட்க மாட்டார்கள். ஆனால், கடனுக்கு விண்ணப்பிக்க அட்மிஷன் கடிதம் வேண்டும். அட்மிஷனுக்குப் பணம் வேண்டும். முட்டையா, கோழியா கதைதான்.

எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் தொகை இது. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கு வரும். முன்பணம் கட்டாமல் சேருவதற்கு 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு அந்த வழிகாட்டுதலிலேயே உண்டு. சரி, அது பற்றி ப்ளஸ் டூ படிக்கும்போதே எத்தனை மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது? கவுன்ட்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்கிற விஷயமா அது?

ஏற்கெனவே ஒருமுறை செய்த வேலைதான்

இதை மாற்றவே முடியாது, அரசு நடைமுறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வதை ஏற்க முடியாது. தமிழ்நாடே இதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது.

2020 நவம்பர். 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமான கையோடு மருத்துவக் கவுன்சலிங் நடந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் சிலருக்குத் தனியார் கல்லூரியில் எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது. ஃபீஸைக் கேட்டதும் சீட்டே வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். டாக்டர் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுவது எப்படி இருந்திருக்கும்! விஷயம் வெளியே வந்ததும், நவம்பர் 21-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கட்டணத்தை அரசே செலுத்தும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய வார்த்தை, 'சுழல் நிதி'. உதவித்தொகை வரும் வரை காத்திருக்காமல் கல்லூரிக்கு உடனே பணம் கட்ட, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு நிதி. உதவித்தொகை எப்போது வருகிறதோ அப்போது அந்த நிதிக்குத் திரும்பிப் போகும். மாணவருக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதாவது, தாமதத்தைத் தாங்க வேண்டியது யார் என்பதுதான் கேள்வி. அரசால் நான்கு மாதம் தாங்க முடியும். தோட்டை அடகு வைத்த அம்மாவால் முடியாது.

இதே யோசனையை எம்பிபிஎஸ் தாண்டி, பிஏ, பிஎஸ்சி, பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டுவர என்ன தடை? தகுதியைச் சரிபார்க்க நேரம் ஆகும் என்பது வழக்கமான பதில். கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி வழியாக விண்ணப்பம் போய், பள்ளி விவரத்தோடு ஒப்பிட்டு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்து... உண்மைதான், நேரம் ஆகும். ஆனால், ஒரு மாணவி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாரா என்பதற்கான பதில், அவர் கல்லூரியில் சேர்ந்த பிறகு பிறப்பது இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் 'எமிஸ்' தளத்தில் அது ப்ளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே இருக்கிறது. வங்கிக் கணக்கு, ஆதார் வேலைகளை ஜனவரியிலேயே பள்ளியில் வைத்து முடித்துவிடலாம். பிரிட்டனில் மாணவர்களுக்கான அரசுக் கடனுக்கு, பள்ளி இறுதித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். சேர்ந்தது உறுதியானால் பணம் வரும், சேராவிட்டால் வராது. இதில் ராக்கெட் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

"காசை வாங்கிக்கொண்டு காலேஜுக்கே போகாவிட்டால்?" நியாயமான சந்தேகம். அதற்காக ரிசல்ட் அன்றே எல்லோர் கணக்கிலும் போடத் தேவை இல்லை. சீட் ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்ததும், ஆண்டுக்கான ரூ.12,000-ல் முதல் ரூ.4,000-ஐ மட்டும் முன்கூட்டியே கொடுத்தால் போதும். 2025-ல் சேர்ந்த 2.65 லட்சம் பேர் கணக்கில் பார்த்தால் ரூ.106 கோடி. இது கூடுதல் செலவுகூடக் கிடையாது. எப்படியும் கொடுக்கப்போகிற பணம், சில மாதம் முன்னால் போகிறது, அவ்வளவுதான். சிலர் வாங்கிக்கொண்டு சேராமல் போகலாம். அந்த இழப்பு, சேர நினைத்தும் முடியாமல் போகிறவர்களால் வரும் இழப்பைவிடப் பெரிதா?

இதில் ஒரு வேடிக்கை. புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். 1989-ல் அதே பெயரில் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டம். 2022-ல் அதுதான் உயர்கல்வித் திட்டமாக மாறியது. திருமண உதவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பணமும் தங்கமும் தாமதமாக வந்த கதைகள் உண்டு என்றாலும், செலவு கல்யாணத்துக்கு முன்னால்தான் இருக்கும் என்ற புரிதலாவது அந்த விதியில் இருந்தது.

2020 நவம்பருக்குத் திரும்பினால், அங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரசே ஃபீஸ் கட்டும் என்ற அறிவிப்பு வரும் முன்பே சீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். கவுன்சலிங் தொடங்கியது நவம்பர் 18. அறிவிப்பு வந்தது 21. அவர்கள் தவறவிட்டது மூன்று நாளில்.