மூளை சர்ஜனும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும்

தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர் தவறி விழுகிறார். வெளியே காயம் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கிறார். சற்று நேரத்தில் நினைவு தப்புகிறது. மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை நெருக்குகிறது. காலம் கடத்தாமல் மண்டையோட்டைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்தால் ஆள் பிழைக்கலாம். அதற்குச் சங்கரன்கோவிலிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நமது ஊர்ப் புற்றுமண்ணை நெற்றியில் பூசுவது அவரவர் நம்பிக்கை. அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் கட்டிய ரத்தத்தை எடுக்கக் கத்தியும் கைத்தேர்ச்சியும் வேண்டுமே!

அந்தத் தேர்ச்சி எளிதில் வருவதில்லை. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஆஸ்பத்திரிப் பயிற்சி ஓராண்டு. பிறகு பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். 3 ஆண்டு. அதன்மேல் மூளை, நரம்பு அறுவைக்கென எம்.சிஎச். 3 ஆண்டு. ஆக பதினொன்றரை ஆண்டு! ஒவ்வொரு படிக்கும் ஒரு நுழைவுத் தேர்வு. பள்ளி முடித்த பிள்ளை தனியே கத்தி பிடிக்கும்போது முப்பது வயதாகிவிடும்.

இந்தக் காலம் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மயிரிழை தவறினால் பேச்சோ, கை காலோ போய்விடும் வேலை இது. தறியில் பழகாத கையை நாமே பாவில் வைக்கவிடுவோமா?

நம் நாட்டிலேயே இந்தக் கல்வி புதியதுதான். 1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தியும் இத்துறையைத் தொடங்கினார்கள். இருவரும் வெளிநாடு சென்று கற்றுவந்தவர்கள். 1968ல் டாக்டர் டி.எஸ். கனகா சென்னையிலேயே படித்து எம்.சிஎச். பட்டம் பெற்றார். உலகின் முதல் பெண் மூளை சர்ஜன்களில் அவர் ஒருவர். சர்க்கார் கல்லூரி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் பதினொன்றரை ஆண்டு யார் வீட்டில் தாங்கும்? வாரக்கூலி வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் சம்பாதிக்கும் ஆள். நீட் பயிற்சிக்கென்று ஓரிரண்டு ஆண்டு காத்திருக்க அவனால் முடியுமா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017ல் பறிகொடுத்தோம். பணமுள்ளவனுக்கோ, ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்துவைத்திருக்கின்றன.

2020ல் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு வந்தது. கட்டணத்தையும் சர்க்கார் ஏற்றது. நல்ல காரியம். அதே ஆண்டு, சர்க்கார் டாக்டர்களுக்கு எம்.சிஎச். போன்ற உயர் படிப்புகளில் பாதி இடங்களை ஒதுக்கி உத்தரவு வந்தது. 2022ல் உச்சநீதிமன்றமும் அதற்கு வழிவிட்டது. கிராமத்து ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தவர் மேலே படிக்கவும், படித்தபின் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பவும் இதுதான் வழி. இதில் ஓர் இடத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

2019ல் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு இன்றுவரை ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி இல்லை. அதைக் கேட்கிறோம். மருத்துவம் படிக்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, பயிற்சி ஆண்டில் மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே மாத உதவித்தொகை கேட்கிறோம்.