ஒளிந்துகொள்ள ஓர் உடை, அருகில் வர ஓர் உடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 3:7-21, யோவான் 21:1-14



கடந்த ஆகஸ்டு மாத விடுமுறைத் திங்களன்று நம் லண்டன் சபையார் இரண்டு பேருந்துகளில் பிரைட்டனுக்குச் சென்று வந்ததை அறிவீர்கள். அன்று நடந்த ஒன்றைக் குறித்துச் சபையில் பலவிதமான பேச்சு எழும்பியிருக்கிறது. அடுத்த ஆண்டு பிரைட்டன் வேண்டாம் என்று எனக்கு எழுதியவர்கள் உண்டு. போதகரே அந்த இடத்துக்குப் போனாராமே என்று கேட்டவர்களும் உண்டு. பிறரிடம் அரைகுறையாகக் கேட்பதைவிட என்னிடமே முழுவதையும் கேட்பது நல்லது. ஆகையால் இவ்வாரத் தியானத்தை அதற்கென்றே எழுதுகிறேன்.

மதிய உணவுக்குப் பின் நானும், நம் மூப்பர் ஒருவரும், அவருடைய துணைவியாரும் கடற்கரையோரம் ஓடும் சிறிய மின்சார ரயிலில் ஏறினோம். மேக்னஸ் வோக் என்பவர் 1883-இல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் அது. கடைசி நிலையமாகிய பிளாக் ராக்கில் இறங்கினோம். திரும்புகையில் கடலை ஒட்டி நடக்கலாம் என்று கரைக்குச் சென்றோம். பிரைட்டன் கரை கூழாங்கற்களால் ஆனது. கால் இடறாதிருக்கக் குனிந்தபடியே நடந்ததால் அறிவிப்புப் பலகையை நாங்கள் கவனிக்கவில்லை. கற்கள் குவிந்த ஒரு மேட்டைக் கடந்து தலை நிமிர்ந்தபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்பது விளங்கிற்று. எதிரே இருந்தவர்களில் ஒருவர் மேலும் உடை இல்லை.

"பாஸ்டர், தவறான இடத்துக்கு வந்துவிட்டோம், திரும்பிவிடலாம்" என்றார் மூப்பர். திரும்பினோம். நாங்கள் அங்கே நின்றது இரண்டு நிமிடம்கூட இராது.

அந்த இடம் மறைவாக நடத்தப்படும் இடம் அன்று. பிரைட்டன் நகர மன்றம் விவாதித்துத் தீர்மானித்து, 1980 ஏப்ரல் 1 முதல் நிர்வாணமாகக் குளிப்போருக்கென்று ஒதுக்கிய பகுதி அது. ஐலீன் ஜேக்ஸ் என்னும் பெண் உறுப்பினர் அதற்காக வாதாடினார். டார்செட் கரையிலுள்ள ஸ்டட்லேண்டிலும் இத்தகைய பகுதி ஒன்று உண்டு. இந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, பிறரைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு தன்னைக் காட்டுவது குற்றம். அந்த நோக்கமில்லாமல் உடையின்றி இருப்பது மட்டும் அச்சட்டப்படி குற்றமாகாது.

இது புதிய காலத்தின் சீர்கேடு என்று சொல்லிவிடவும் இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ரசல் என்னும் மருத்துவர் கடல்நீர் பல நோய்களுக்கு மருந்து என்று போதித்ததால்தான் மீனவர் ஊராயிருந்த பிரைட்டனுக்கு மக்கள் திரண்டு வந்தார்கள். அக்காலத்தில் ஆண்கள் உடையின்றிக் கடலில் இறங்குவது வழக்கமாயிருந்தது. ஆங்கிலிக்கன் குருவானவராகிய பிரான்சிஸ் கில்வர்ட் 1872-இல் வெஸ்டன்-சூப்பர்-மேர் கரையில் அவ்வாறு குளித்ததை மகிழ்ச்சியோடு தம் நாட்குறிப்பில் எழுதினார். 1874-இல் ஷாங்க்ளின் கரையில் கால்சட்டை அணிந்து குளிக்க நேர்ந்ததை அவரே சலிப்போடு பதிவு செய்தார். விக்டோரியா காலத்துக் குருவானவர் ஒருவரை நாணச் செய்யாதது நம்மை நாணச் செய்கிறது. எனவே வெட்கத்தின் எல்லைகள் யாவும் சீனாய் மலையிலிருந்து இறங்கியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அங்கே இருப்பவர்கள் சொல்வது சரிதானா? சரீரம் இயல்பானது, வெட்கம் நமக்குக் கற்பிக்கப்பட்டது, எல்லாரும் உடையைக் களைந்துவிட்டால் வெட்கமும் நீங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். இதில் பாதியை நான் ஏற்கிறேன். தேவன் தாம் உண்டாக்கிய யாவும் மிகவும் நன்றாயிருக்கக் கண்டார். அந்த "யாவும்" என்பதில் நம் சரீரமும் அடங்கும். சரீரத்தைப் பாவத்தின் பை என்று இகழ்வது வேதத்தின் போதனை அன்று. வார்த்தையானவர் மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம் அவ்வாறு பேசலாகாது.

மறுபாதியை என்னால் ஏற்க இயலவில்லை. நிர்வாணக் கடற்கரைகளில் கூடுவோர் தங்களுக்கென்று சில ஒழுங்குகளை வைத்திருக்கிறார்கள். ஒருவரையும் உற்றுப் பார்க்கலாகாது. அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது. நல்ல ஒழுங்குகளே. ஆனால் ஏதேனில் இந்த ஒழுங்குகள் தேவைப்படவில்லை, எல்லைப் பலகையும் தேவைப்படவில்லை. இங்கே இவை தேவைப்படுவது, உடையைக் களைந்த பின்னும் மனிதனுடைய கண் பழைய கண்ணாகவே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஏதேனுக்குத் திரும்பும் வழியில் காவல் நிற்கிறது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதனுள் நுழைய முடியாது. ஆகையால் விசுவாசிகள் அவ்விடம் நாடிச் செல்வது தகாது என்பதே என் எண்ணம். இதில் எனக்கு இருமனம் இல்லை.

இத்தோடு முடித்திருந்தால், சபையில் யாருக்கும் என்மேல் மனத்தாங்கல் இராது. ஆனால் அன்று மாலை பேருந்தில் நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் மூப்பரின் துணைவியார் பேசவே இல்லை. கண்டதினால் மனம் புண்பட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். லண்டனை நெருங்குகையில் அவர் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாளைக் கவனித்தீர்களா?"

கவனித்திருந்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும் அவர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். மார்பின் ஒரு பக்கம் தட்டையாயிருந்தது. குறுக்கே அறுவை சிகிச்சையின் நீண்ட தழும்பு. அருகிலிருந்த முதியவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். அந்தத் தழும்பை ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் அதை மறைக்கவில்லை.

"அந்த அம்மாளைப் போல நம்ம அக்காவும் வெளியே சொல்லியிருந்தால் இன்றைக்கு நம்மோடு இருந்திருப்பார்கள், ஐயா" என்று சொல்லி அவர் அழுதார்.

அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு உடனே தெரிந்தது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் நாம் அடக்கம் செய்த சகோதரியைச் சொன்னார். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இந்நாட்டில் ஐம்பது வயதை எட்டும் பெண்களுக்கு, ஐம்பத்து மூன்று வயதுக்குள் மார்பகப் பரிசோதனைக்கான முதல் அழைப்பு வரும். அதன்பின் எழுபத்தொரு வயதாகும்வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அந்தச் சகோதரிக்கும் வந்தது. அந்நியர் முன்னால் எப்படி உடையை நீக்குவது என்று கூசி, கடிதத்தைச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டார். மறுமுறை வந்ததையும் அதன்மேலேயே வைத்தார். பின்பு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனையில் அவருக்காக ஜெபித்துவிட்டு, ஏன் அம்மா சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, "எப்படி ஐயா சொல்வது, வெட்கமாயிருந்தது" என்றார்.

அந்த வெட்கத்தை அவருக்குக் கற்பித்தவர் யார்? இக்கேள்வி அன்று இரவு என்னை உறங்கவிடவில்லை. ஏதேனில் ஒளிந்திருந்த ஆதாமிடம் கர்த்தர் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் நிர்வாணிகள் என்ற செய்தி தம்மிடமிருந்து வரவில்லை என்பதை அவர் உணர்த்துகிறார். என் ஊழியக் காலத்தில் பெண்களின் உடையைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மருத்துவர் முன் உடை நீக்குவது பாவமன்று, தேவன் தந்த ஜீவனைக் காப்பது நம் கடமை என்று ஒருமுறையாகிலும் சொன்னேனா என்றும் எண்ணிப் பார்த்தேன். சொன்னதில்லை. அந்தச் சகோதரியின் இழுப்பறையில் கிடந்த கடிதங்களில் என் பங்கும் உண்டு.

வேதம் இரண்டு விதமான உடைகளைக் காட்டுகிறது. அத்தியிலைகளால் ஆதாம் தைத்துக்கொண்ட உடை முதலாவது. அதைக் கட்டிக்கொண்டு அவன் மரங்களுக்குள்ளே போனான். அது ஒளிந்துகொள்வதற்கான உடை. கர்த்தர் தாமே செய்து உடுத்திய தோல் உடை இரண்டாவது. குற்றத்தைக் கண்டித்த பின்னும் அவர்களைக் குளிரிலும் கூச்சத்திலும் விட்டுவிடாத கிருபை அது. நம் உடை கிருபையின் அடையாளம் என்பதால்தான் அதை வேண்டாமென்று வீசிவிட நாம் மறுக்கிறோம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுபவன் பேதுரு. அதுவும் ஒரு கடற்கரைக் காட்சிதான். திபேரியா கடலில் இரவெல்லாம் வலை வீசிய பேதுரு உடையின்றி இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். அங்குள்ள "கும்னோஸ்" என்னும் கிரேக்கச் சொல் முழு நிர்வாணத்தையும் குறிக்கும், உள்ளாடையோடு மட்டும் இருப்பதையும் குறிக்கும். கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டவுடன் அவன் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தான். நீந்தப் போகிறவன் உடையைக் களைவதே வழக்கம். பேதுருவோ உடுத்திக்கொண்டு குதிக்கிறான்! அவனுக்கு வெட்கப்படக் காரணம் நிறைய இருந்தது. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பண்டை நின்று மூன்று முறை மறுதலித்தவன் அவன். கரையிலும் ஒரு கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆதாமாயிருந்தால் படகின் மறுபுறம் ஒளிந்திருப்பான். பேதுரு இருநூறு முழத் தூரத்தை நனைந்த உடையோடு கடந்து, தன்னை அறிந்தவர் முன்னால் போய் நிற்கிறான். அவன் உடுத்தியது அருகில் வருவதற்காக.

ஆதித் திருச்சபையும் இதை அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் பேராயராயிருந்த சிரில், ஞானஸ்நானம் பெறுவோர் தங்கள் உடைகளைக் களைந்து தண்ணீரில் இறங்கியதை விளக்கி, சிலுவையில் உடை உரியப்பட்ட கிறிஸ்துவை அதில் காணச் சொல்கிறார். பெண்களுக்கு உதவியாகப் பெண் உதவியாளர்களைப் பழைய திருச்சபை நியமித்திருந்தது. தண்ணீரிலிருந்து ஏறியவர்கள் வெண்ணுடை தரித்தார்கள். கண்ணியமும் இருந்தது, சரீரத்தைக் குறித்த அச்சமும் இல்லை. நம் முன்னோர் இரண்டையும் சேர்த்தே காத்தார்கள். நாமோ கண்ணியத்தை வைத்துக்கொண்டு அச்சத்தையும் அதனோடு வளர்த்துவிட்டோம்.

அன்பானவர்களே, பிரைட்டன் கரையில் இருந்த அந்த முதிய அம்மாள் செய்ததை நான் உங்களுக்கு முன்மாதிரியாக வைக்கவில்லை. ஆனால் தழும்பு வெட்கத்துக்குரியது அன்று என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். உயிர்த்தெழுந்த நம் ஆண்டவரும் தம் தழும்புகளை மறைக்கவில்லை. தோமாவை அழைத்துக் காட்டினார்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மார்பகப் பரிசோதனைக்கோ கருப்பை வாய்ப் பரிசோதனைக்கோ வந்த கடிதம் அதில் கிடக்கிறதா? மார்பகப் பரிசோதனையில் படம் எடுப்பவர் பெண்தான் என்பதை அறிந்துகொள்ளுங்கள். சகோதரர்களே, நீங்களும் தப்பவில்லை. குடல் புற்றுநோயைக் கண்டறிய மலப் பரிசோதனைப் பெட்டி ஒன்று தபாலில் வரும். அதை அருவருப்பென்று அலமாரியில் ஒளித்து வைத்திருக்கும் மூப்பர்களையும் நான் அறிவேன். அறியக் காரணம், அண்மைக்காலம்வரை என் அலமாரியிலும் அது இருந்தது. கடந்த வாரம் அனுப்பிவிட்டேன். நம் சபையில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகளை, அடுத்த மாதப் பெண்கள் ஐக்கியத்தில் இதைக் குறித்துப் பேசும்படி கேட்டிருக்கிறேன். மறைந்த சகோதரியின் கணவர் அன்று ஜெபம் செய்ய முன்வந்திருக்கிறார்.

பிரைட்டனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில் இது: கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த ஆண்டும் போவோம். அந்தச் சிறிய ரயிலிலும் ஏறுவோம். கடைசி நிலையத்தில் இறங்கினால் தலையை நிமிர்த்தி, பலகையை வாசித்து நடப்போம்.

ஜெபிப்போம்: எங்களை உடுத்துகிற பிதாவே, நீர் தந்த சரீரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கண்களைச் சுத்திகரியும். நாங்கள் ஒளிந்துகொள்ளும் மரங்களிலிருந்து எங்களை வெளியே அழையும். வெட்கத்தினால் வாய் திறவாதிருக்கும் உம்முடைய பிள்ளைகளுக்கு இன்றே பேசத் துணிவு தாரும். அவர்களை வாயடைக்கச் செய்த எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.