எங்கே வேலை பார்த்தாய்?

இருமுகிறான் தோழன். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, மாதம் இரண்டு ஆயிற்று. பாலாற்றங்கரையிலே இருமல் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான்! அந்த இருமலோடு சளியில் இரத்தமும் வருமானால், காரணமின்றி உடல் இளைக்குமானால், கம்மிய குரல் கம்மியபடியே நின்றுவிடுமானால், அது நுரையீரல் புற்றுநோயாக இருக்கலாம்.

"காசம்தான், வேறென்ன?" என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு மாதங்களைப் போக்கிவிட்டு, கடைசியில் வேலூர் மருத்துவமனை வாயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. "எல்லாம் தலையெழுத்து" என்று திண்ணையிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. தலையிலே எழுதியது யார்? நுரையீரலிலே எழுதியது எது? அதையல்லவா கேட்க வேண்டும்!

"பீடி பிடிப்பாயா?" என்பார் மருத்துவர். கேட்க வேண்டிய கேள்விதான், நாம் மறுக்கவில்லை. புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை இங்கிலாந்தில் டால், ஹில் எனும் அறிஞர் இருவர் 1950-லேயே எடுத்துக் காட்டினர். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நம் தாய்மார்கள் விரல் தேயச் சுற்றும் பீடி, சிகரெட்டைவிடச் சாது என்று எண்ணுவது ஏமாளித்தனம். இலையிலே சுற்றினாலும் தாளிலே சுற்றினாலும் நஞ்சு நஞ்சே! இன்று விட்டவனுக்குப் பத்தாண்டுகளில், விடாதவனுக்குள்ள ஆபத்தில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும்.

ஆனால், கேள்வி அத்தோடு நிற்கலாமா? "எங்கே வேலை பார்த்தாய்? எத்தனை ஆண்டு?" என்று கேட்க வேண்டாமா?

ஆற்காட்டிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் இராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோலை, விரைந்து பதனிட வந்தது குரோமியம். அந்த உப்பைத் தயாரிக்க 1970-களின் நடுவில் அங்கே எழுந்தது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை. 1990-களின் நடுவில் மூடினார்கள். ஆலை போயிற்று, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடு நின்றது! நிலத்தடி நீரும் மஞ்சளாயிற்று. உலகிலேயே மிக மோசமாகக் கெட்ட பத்து இடங்களென நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையும் ஒன்று. என்னே நமக்குக் கிடைத்த புகழ்!

தோல் தொழிலாளர் அனைவரும் அஞ்சி நடுங்கட்டும் என்று நாம் எழுதவில்லை. தோல் உருளும் டிரம்மில் இருக்கும் குரோமியம் வேறு வகை. அது நுரையீரல் புற்றைத் தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. குரோமேட் ஆலையின் மஞ்சள் தூசியே கொடியது. அந்த ஆலைத் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் புற்று தொழிலால் வந்ததே என்று ஜெர்மனி ஒப்பியது 1936-ல்! நாற்பதாண்டுகளுக்குப் பின்னல்லவா நம் ஊரில் உலை மூட்டினார்கள்? ஏடறிந்த செய்தியை, மண்வெட்டி பிடித்தவனுக்கு எடுத்துரைக்கும் கடமை எவருக்கு இருந்தது?

இந்நோய் உடனே வருவதன்று; இருபது, முப்பது ஆண்டுகள் பதுங்கியிருந்தும் பாயும். 1980-களில் இளங்காளையாய் உலைமுன் நின்றவன் இன்று அறுபதைத் தாண்டியவன். ஆகவேதான் இப்போது கேட்கிறோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணைக்கூட, கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. தொழிலால் வரும் புற்றுநோயும் பின்னர் அப்பட்டியலில் ஏறியது. நோயாளியின் சீட்டிலே "பீடி" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால், எதை எழுதித் தெரிவிப்பது? பீடியைக் காட்டிக் குரோமியம் தப்பக்கூடாது. குரோமியத்தைக் காட்டிப் பீடியும் தப்பக்கூடாது.

எனவே தோழர்களே, மூன்று வாரம் இருமல் நிற்கவில்லையானால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சளியும் பார்க்கட்டும், மார்பைப் படமும் எடுக்கட்டும். காசத்துக்கு மருந்து தின்றும் தேறவில்லையானால், மீண்டும் போய்ச் சொல்லுங்கள். எந்த ஆலை, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். பழைய ஆலை அட்டை பரணில் கிடந்தால், தூசி தட்டிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.