பட்டாவும் பற்றுதலும்

டாட்டா ஏஸ் வாகனம், உள்நாட்டு முகவரான டிமோ இட்ட 'பட்டா' என்னும் பெயராலேயே நம்மிடையே அறியப்படுகின்றது. பேசாலை, தலைமன்னார் கரைகளில் மீன் ஏற்றுவோர் இத்தகைய பழகிய ரகத்தையே நாடுவதை வெறும் பெயர்மோகமென நாம் கருதவில்லை. உப்புக்காற்று தகட்டை அரிக்கும் தீவில், உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதும் ஊர்க் கராஜில் அன்றே திருத்த முடிவதுமே அந்த நம்பிக்கையின் அடிப்படையாகும். வண்டி வழியில் நின்றால் மீனும் கெடும். கடலோடியின் உழைப்பும் வீணாகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும், வரிச்சுமையால் புதிய வாகனம் சிறு உரிமையாளருக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. வேறு வழியின்றித் தேய்ந்த வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைப் பற்றுதலெனக் கொள்வது தவறாகும். தொழில் வாகனங்களுக்கேனும் வரிச்சலுகையும் இலகு கடனும் வழங்க அரசாங்கம் முன்வருதல் வேண்டும்.